சோங்குராய், 1943: ஒரே மழை, ஒரே காலரா, மூன்று வேறு கணக்குகள்

இரண்டாம் உலகப் போரில் செத்தவர்களின் கணக்கு கோடிகளில் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போகலாம். கற்றுக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் ஒரு பாதையை, ஒரு பருவமழையை, ஒரு தொற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இடம், தாய்லாந்து–பர்மா எல்லையில் மூன்று பகோடா கணவாய்க்குத் தெற்கே, சோங்குராய் முகாம்கள் இருந்த காடு. காலம், 1943 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை. மலேசியத் தமிழர்கள் சயாம் மரண ரயில் என்று சொல்லும் பாதையின் மேல்முனை இது. இங்கே ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள், பிரிட்டிஷ் போர்க்கைதிகள், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் என்று மூன்று கூட்டத்தாரை ஒரே காலரா தாக்கியது. மூன்றிலும் முடிவு ஒன்றாக இல்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. பாதையில் இருந்த தனி ஆட்களின் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை.

பின்னணி

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு அரிசி, குண்டு, ஆள் எல்லாம் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில்தான் போகவேண்டியிருந்தது. அந்த ஜூனில் மிட்வே சண்டையில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அதன்பிறகு கடல்வழியைக் காப்பது நாளுக்கு நாள் கடினமாயிற்று. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட முடிவானது.

முதலில் 1943 இறுதிவரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். 1943 தொடக்கத்தில் போர்நிலைமை இன்னும் மோசமானதும் டோக்கியோ அதை நான்கு மாதம் முன்னுக்கு இழுத்தது. இந்த ஆய்வில் வரும் சாவுகளில் பெரும்பகுதிக்கு இந்த ஒரு முடிவுதான் மூலம் என்று நினைக்கிறேன். தேதி முன்னுக்கு வந்ததால் மழைக்காலத்திலும் வேலை நிற்க முடியாது. வேலை நிற்காததால் புது ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களை அனுப்பும்போது அங்கே கூரை உண்டா, அரிசி போய்ச்சேருமா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

யார் யார் போனார்கள்

1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து 7,000 போர்க்கைதிகளை அனுப்ப உத்தரவு வந்தது. 'எஃப் ஃபோர்ஸ்' என்று பெயர். ஆஸ்திரேலியர் 3,662 பேர், மீதிப்பேர் பிரிட்டிஷார். சிங்கப்பூரில் உணவு குறைவு, மலைப்பக்கம் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நடக்கவேண்டிய தூரம் கொஞ்சம்தான் என்று சொன்னார்கள். வாத்தியக் குழுவையும் கூட்டிப்போகலாம் என்றார்கள். திடமான ஆள் 7,000 பேர் சாங்கியில் இல்லை. வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் கூட்டத்தில் 30 சதவீதம் வரை இருக்கலாம் என்று அனுமதி வந்தது. நல்ல இடத்துக்குத்தானே போகிறோம் என்று அதிகாரிகள் நோயாளிகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவு. தகவல்தான் பொய்.

தமிழர்கள் போன விதம் வேறு. ரப்பருக்கு மேற்கத்திய சந்தை போய்விட்டது. தோட்டங்களில் வேலை இல்லை, வெளியிலிருந்து வந்த அரிசியும் குறைந்துபோனது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத ஒப்பந்தம் என்ற பேச்சை நம்பி முதலில் சிலர் தாமாகப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள் வருவது நின்றது. அப்புறம் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கட்டளை வந்தது. அந்தத் தலைகளைக் காட்டிக்கொடுக்கும் வேலை கிராணிக்கும் (தோட்டத்து எழுத்தர்) கங்காணிக்கும் விழுந்தது. இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கதவை மூடி, கூட்டத்தை அப்படியே ரயிலில் ஏற்றியதையும் பலர் சொல்லியிருக்கிறார்கள். சிலர் மனைவி மக்களோடு போனார்கள். மலாயாவிலிருந்து மொத்தம் 75,000-க்கு மேற்பட்டோர் போனார்கள். அதில் பெரும்பாலோர் தமிழர்கள். மலாய்க்காரரும் சீனரும் அதில் உண்டு. பர்மியர், ஜாவாக்காரர் இதற்கு மேல்.

இந்த இடத்திலேயே ஒரு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைதிகள் படைப்பிரிவாகப் போனார்கள். அவர்களோடு அதிகாரி, மருத்துவர், சமையலாள், பெயர்ப்பட்டியல் எல்லாம் போயிற்று. தமிழர்களின் பட்டியல் தோட்டத்துச் செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) இருந்தது. காலைப் பெரட்டில் கூப்பிடும் அந்தப் பெயர்கள் தோட்டத்திலேயே நின்றுவிட்டன. ரயிலில் ஏறியது எண்ணிக்கை மட்டுமே.

நடையும் கொன்கொய்தாவும்

எஃப் ஃபோர்ஸுக்கு இரும்புச் சரக்குப் பெட்டிகளில் சுமார் ஐந்து நாள் பயணம். தாய்லாந்தின் பான் போங்கில் இறங்கியதும் இனி 300 கிலோமீட்டர் நடை என்று சொன்னார்கள். இரவில் நடக்க வேண்டும், பகலில் ஓய்வு. ஓய்வெடுக்க நிழல் பல இடங்களில் இல்லை. சாமான்களில் பெரும்பகுதியை, மருந்துப்பெட்டிகளையும் சேர்த்து, பான் போங்கிலேயே விட்டுப்போனார்கள்.

தர்சாவ் முகாமில் நடந்த ஒன்று அதிகாரம் எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டுகிறது. முப்பத்துச் சொச்சம் நோயாளிகள் இனி நடக்க முடியாது என்று ஒரு ஆஸ்திரேலிய மருத்துவ அதிகாரி வாதாடினார். ஜப்பானிய மருத்துவ அதிகாரியே பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே பொறுப்பில் இருந்த ஒரு கார்ப்பரல் முடியாது என்றார். குறுக்கே நின்ற மருத்துவருக்கு மூங்கிலடி விழுந்து கையெலும்பு முறிந்தது. நோயாளிகள் நடந்தார்கள்.

மே மாதம் வழித் தங்குமிடமான கொன்கொய்தாவுக்கு வந்தபோது பக்கத்துத் தொழிலாளர் முகாமில் காலரா பரவியிருந்தது. நடந்துவரும் அணிகள் ஒவ்வொன்றும் அங்கேதான் தங்கவேண்டியிருந்தது. அணிகளை நிறுத்துங்கள், இல்லையென்றால் கொன்கொய்தாவைத் தாண்டிப் போகவிடுங்கள் என்று கைதிகளின் மருத்துவர்கள் ஜப்பானியத் தளபதியிடம் கேட்டார்கள். எதுவும் நடக்கவில்லை. எஃப் ஃபோர்ஸ் நிர்வாகம் சிங்கப்பூரின் கீழ் இருந்தது. பாதை ரயில்வே எஞ்சினியர்களின் கையில் இருந்தது. அந்தத் தளபதி நல்லவரா கெட்டவரா என்பது இங்கே இரண்டாம் பட்சம். எஞ்சினியர்களை மீறி ஒரு அணியை நிறுத்தும் அதிகாரம் நடைமுறையில் அவரிடம் இல்லை. சாங்கியில் தொடங்கிய காலராத் தடுப்பூசியும் எல்லோருக்கும் முழுதாகப் போட்டு முடிந்திருக்கவில்லை.

மே நடுவில் கண்டவை

கீழ்ச் சோங்குராய் முகாமில் மே 15-ஐ ஒட்டி முதல் நோயாளி தெரிந்தார். மாத இறுதிக்குள் எஃப் ஃபோர்ஸின் எல்லா முகாம்களிலும் காலரா.

அந்த ஆண்டு மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பல குடிசைகளுக்குக் கூரை இல்லை. கூரைக்கான ஓலை பிறகுதான் வந்தது. சாலை சேறாகி லாரி நின்றது. அரிசி வருவது குறைந்ததும் வேலைக்குப் போகாதவனுக்குப் பங்கு இன்னும் குறைவு என்ற விதியைப் பிடித்துக்கொண்டார்கள். அதாவது நோயாளிக்கு ஆரோக்கியமானவனைவிடக் குறைந்த சோறு.

காலரா எப்படிப்பட்டது என்று இன்று பலருக்கு நேரில் தெரியாது. நம் பக்கத்தில் வாந்திபேதி, கக்கல் கழிச்சல் என்ற சொற்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் உடம்பிலுள்ள நீர் வடிந்து கண் உள்ளே போய்விடும், விரல்நுனி சுருங்கிவிடும், குரல் அடைத்துவிடும். காலையில் வேலைக்குப் போனவனை மாலையில் கூட இருந்தவனுக்கே அடையாளம் தெரியாது. இந்தப் பாதையில் சில முகாம்களில் மூங்கில் துண்டில் பெயர் எழுதி நோயாளியின் மணிக்கட்டில் கட்டினார்கள். செத்தபிறகு யார் என்று தெரிய வேண்டுமே.

எடுத்த முடிவுகள்

கீழ்ச் சோங்குராயில் இருந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கே மருத்துவ அதிகாரி முகாம் முழுவதையும் கூட்டிவைத்துப் பேசினார். மருந்து வராது, சுத்தம் ஒன்றுதான் வழி என்பது அவருடைய நிலைப்பாடு. கொதிக்கவைக்காத தண்ணீர் ஒரு வாய்கூடக் கூடாது. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவனும் தன் தட்டையும் கரண்டியையும் முதலில் கொதிநீர்ப் பாத்திரத்தில் முக்கி எடுக்க வேண்டும், பிறகே சோறு. ஈ மொய்க்கும் இடங்களைச் சுத்தம் செய்யவும் கக்கூஸ் குழியை ஆழப்படுத்தவும் தனி ஆட்கள். காலரா நோயாளிகளைத் தனியே ஒரு மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிணங்களை எரித்தார்கள், அந்த மழையில் சிதை எரியவைப்பதே ஒரு நாள் வேலை.

சிகிச்சை என்று பார்த்தால் உப்புநீரை நரம்பில் ஏற்றுவது ஒன்றுதான். இந்தப் பாதையின் முகாம்களில் கைக்குக் கிடைத்த குழாய்களை வைத்துத் தண்ணீரைக் காய்ச்சி வடித்தார்கள். சாதா உப்பைக் கரைத்து, கூராகச் சீவிய மூங்கில் குழலை ஊசியாக்கிச் செலுத்தினார்கள். பிழைத்தவர்களும் இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது சிகிச்சையைவிட ஆள் பங்கீடு. தண்ணீர் தானாகக் கொதிக்காது. விறகு வெட்ட ஒருவன், அடுப்பு பார்க்க ஒருவன், வரிசையில் நின்று தட்டை முக்கினாயா என்று கேட்க ஒருவன் வேண்டும். இவர்கள் ரயில்பாதை வேலைக்குப் போகக் கூடாது. ஒவ்வொருவனையும் முகாமில் நிறுத்திவைக்கக் கைதிகளின் அதிகாரிகள் தினமும் எஞ்சினியர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பாதி நாள் தோற்றார்கள். மீதிப் பாதியில் கிடைத்த ஆட்கள்தான் முகாமைக் காப்பாற்றினார்கள்.

கொஞ்சம் வடக்கே, சோங்குராய் இரண்டாம் முகாமில் சுமார் 1,600 பிரிட்டிஷ் கைதிகள். அதே காலரா, அதே மழை. அவர்கள் கட்டிய பாலத்துக்குப் பொறுப்பான எஞ்சினியர்கள் ஆள் விடுவதில் இன்னும் கடுமையாக இருந்தார்கள். இவர்கள் பின்னால் வந்த ரயில்களில் வந்தவர்கள். அதிக மழையில், ஏற்கெனவே தொற்று பரவிய தங்குமிடங்கள் வழியாக நடந்தவர்கள். கிளம்பும்போதே நோயாளிகள் இவர்களில் அதிகம். பல படைப்பிரிவுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த கூட்டம் வேறு. ஆஸ்திரேலியரின் மனவுறுதி பெரிது என்று எழுதிய நினைவுக்குறிப்புகள் நிறைய உண்டு. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. இவ்வளவு காரணங்கள் கண்ணெதிரே இருக்கும்போது குணத்தைப் பற்றிப் பேச அவசியமில்லை.

பக்கத்து முகாம்

தமிழர் முகாமில் என்ன நடந்தது என்பதை நாம் பெரும்பாலும் மற்றவர்கள் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்ததை வைத்தும், தப்பித் திரும்பியவர்கள் பிற்காலத்தில் சொன்னதை வைத்தும்தான் அறிகிறோம்.

அதிகாரி இல்லை. மருத்துவர் ஏறக்குறைய இல்லை. தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) யாராவது கூட வந்திருந்தால் அது அதிர்ஷ்டம். கட்டளை ஜப்பானிய மொழியில் வரும். மண்டோர் (மேஸ்திரி) ஒருவர் அதைத் தமிழாக்குவார். ஆண்கள் விடிவதற்கு முன் போய் இருட்டியபின் வந்தார்கள். தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு ஆளை நிறுத்துங்கள் என்று எஞ்சினியரிடம் கேட்கும் இடத்தில் யாருமே இல்லை. கேட்டு மறுத்தார்கள் என்பதல்ல; கேட்கும் பதவியே கிடையாது. தாகம் எடுத்தால் ஓடைத் தண்ணீர், குளிப்பதும் அதே ஓடை. நோய் வந்தவனைப் பிரித்துவைக்க இன்னொரு குடிசை இல்லை. பிணத்தைப் புதைக்கத் தெம்புள்ளவர்கள் இல்லாமல் அது கிடந்த இடத்திலேயே கிடந்ததைக் கைதிகள் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

காலரா வந்தது தெரிந்ததும் பலர் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடியது தவறு, அதனால் தொற்று பரவியது என்று சில அறிக்கைகளில் குற்றச்சாட்டுத் தொனி இருக்கிறது. அந்த முகாமில் இருப்பதைவிட ஓடுவது புத்திசாலித்தனம் என்று ஒருவன் முடிவெடுத்தால் அதில் தப்பு காண எனக்கு முடியவில்லை. ஓடியவர்களில் எத்தனைபேர் காட்டிலேயே விழுந்தார்கள், எத்தனைபேர் தாய் கிராமங்களில் கலந்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

பிந்தியாவது ஜப்பானியர் ஒரு முடிவெடுத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களைக் கவனிக்கச் சிங்கப்பூர்ப் போர்க்கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைக் கேட்டார்கள். ஜூனில் 'கே ஃபோர்ஸ்', 30 மருத்துவர்களும் 200 உதவியாளர்களும். ஆகஸ்டில் 'எல் ஃபோர்ஸ்', 15 மருத்துவர்களும் 100 உதவியாளர்களும். அவர்களைச் சிறுசிறு குழுவாகப் பிரித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். மருந்து மிகக் குறைவு, தமிழ் தெரிந்தவர் சொற்பம். பல இடங்களில் மருத்துவர்கள் முதலில் செய்தது கக்கூஸ் குழி வெட்டியதும் பிணம் அடக்கியதும். அவர்கள் வந்து சேர்ந்தபோது முதல் அலை ஏற்கெனவே கடந்திருந்தது.

ஜூலை முதல் டிசம்பர் வரை

காலரா தணிந்தபின் சாவு நிற்கவில்லை. சீதபேதி, மலேரியா, பெரிபெரி, காலில் மூங்கில் கீறி அழுகிய புண் இவை தொடர்ந்தன. வேலைக்கு ஆகாத சுமார் 1,900 பேரை எஃப் ஃபோர்ஸ் பர்மாவில் தன்பாயா என்ற இடத்துக்கு மாற்றியது. ஆஸ்பத்திரி என்று பெயர். அங்கே ஏறக்குறைய 750 பேர் இறந்தார்கள். இந்த முடிவைப் பலர் குறை சொல்வதுண்டு. சோங்குராயில் வைத்திருந்தால் அரைப்பங்குச் சோற்றோடு அவர்களைப் பாலத்துக்கும் இழுத்திருப்பார்கள் என்பதால், குறை சொல்ல எனக்குத் தயக்கம்.

அக்டோபர் 17 அன்று இரண்டு முனைகளும் கொன்கொய்தாவில் சேர்ந்தன. காலரா அணிகளுக்குள் நுழைந்த அதே இடம். டிசம்பருக்குள் எஃப் ஃபோர்ஸில் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் சாங்கிக்குத் திரும்பினார்கள். தமிழர்களுக்குத் திரும்பும் ரயில் இல்லை. மூன்று மாத ஒப்பந்தக்காரர்களைப் பாதைப் பராமரிப்புக்கு, விறகு வெட்டுக்கு, குண்டு விழுந்த பாலங்களைச் சரிசெய்வதற்கு என்று போர் முடியும்வரை வைத்திருந்தார்கள். குண்டு போட்டவை நேச நாட்டு விமானங்கள்; அதிலும் தொழிலாளர்கள் செத்தார்கள்.

கணக்கு

எஃப் ஃபோர்ஸில் ஆஸ்திரேலியர் சுமார் 29 சதவீதம் இறந்தார்கள், பிரிட்டிஷார் சுமார் 61 சதவீதம். மொத்தம் 3,000-க்கு மேல். முழுப் பாதையிலும் 60,000-க்கு மேற்பட்ட கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள்.

மலாயாத் தொழிலாளர்களின் சாவு யார் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து 30,000 என்றும் 40,000-க்கு மேல் என்றும் மாறுகிறது. ஆசியத் தொழிலாளர் அனைவரையும் சேர்த்தால் 90,000 வாக்கில் என்பது பரவலாகச் சொல்லும் எண். அதற்கு முன்னும் பின்னும் பல மதிப்பீடுகள் உண்டு.

1945 செப்டம்பரில் ஒரு கல்லறைத் தேடல் குழு பாதை நெடுகப் போனது. கைதி அதிகாரிகள் ரகசியமாக எழுதி ஒளித்துவைத்த பட்டியல்கள் கையில் இருந்தன. 144 இடுகாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். தேடியும் கிடைக்காதவை 52. தொழிலாளர்களுக்கு இப்படி ஒரு தேடல் நடக்கவில்லை. நடத்த நினைத்திருந்தாலும் கையில் பிடித்துப்போகப் பட்டியல் இருந்திருக்காது.

எது மாறியிருக்க வேண்டும்

பாதையே போட்டிருக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் ஆய்வுக்கு உதவாது. அந்தச் சூழலுக்குள்ளேயே மாறியிருக்கக்கூடியவை மூன்று. கொன்கொய்தாவில் அணிகளைத் தாண்டவிட்டிருந்தால் கொஞ்சம் கூடுதல் நடையோடு போயிருக்கும். கே ஃபோர்ஸை ஆட்களை ஏற்றும்போதே, அதாவது ஏப்ரலிலேயே, கூட அனுப்பியிருக்கலாம். மருத்துவர்கள் சாங்கியில்தான் இருந்தார்கள். மூன்றாவது மிகச் சின்னது: ஒவ்வொரு தொழிலாளர் முகாமிலும் தண்ணீர் கொதிக்கவைக்கச் சில பேரை வேலையிலிருந்து விட்டிருக்கலாம். ரயில்வே எஞ்சினியர்களின் கணக்குப்படியே பார்த்தாலும் அது லாபம்.

சிகிச்சையைப் பற்றிப் பின்னறிவோடு பேசுவதில் எச்சரிக்கை வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுத்தே காலராவைச் சமாளிக்கலாம் என்பது 1971-இல் வங்காள எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் செய்துகாட்டியபிறகுதான் உலகுக்கு உறைத்தது. அங்கேயும் ஊசி ஏற்ற ஆள் போதாமல், நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்தார்கள். 1943-இல் அந்த அறிவு யாரிடமும் இல்லை.

பிறகு

எஃப் ஃபோர்ஸ் சாவுகளுக்காக 1946-இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடந்தது. பாதையைத் தாய்லாந்து அரசுக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். தொழிலாளர் குடும்பங்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. தோட்டங்களில் புருஷன் வராத பெண்கள் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனார்கள்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் இடுகாட்டில் சுமார் 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே ஊரில் ஜப்பானியப் படை 1944-இல் கட்டிய நினைவுத்தூணில் பல மொழிகளுக்கு நடுவே தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துவைத்த பௌத்தக் கோயில் வளாகத்தில் 2023-இல் தமிழர்கள் ஒரு நடுகல் நாட்டினார்கள். நோங் பிளாடுக்கிலிருந்து நாம் தோக் வரை 130 கிலோமீட்டரில் இன்றும் ரயில் ஓடுகிறது. சோங்குராய்ப் பக்கம் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.